டோங்கா: ஒற்றைக் கேபிளைத் தொடர்ந்து ஒரு பயணம்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய் – சுவா, ஃபிஜி

விடாத தூறல். இறங்கியதிலிருந்து ஒரு துணிகூடக் காயவில்லை. "இந்த ஊர்ல இதுதாண்ணே வெயில் காலம்" என்கிறாள் தங்கை. மாப்பிள்ளைக்கு இங்கே வேலை. குடும்பத்தோடு சில ஆண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வந்த சாக்கில் டோங்காவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

டோங்கா ஏன் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஃபைபர் கேபிள் ஒட்டும் வேலை பார்க்கிறவன். 2018 நவம்பரில் கஜா வந்து போன பிறகு, சாய்ந்த கம்பங்களுக்கும் விழுந்த தென்னைகளுக்கும் நடுவே அறுந்த ஃபைபரைத் தேடித் தேடி ஒட்டியவர்களில் நானும் ஒருவன். லைன் வந்ததும் சனங்கள் முதலில் செய்த காரியம் வெளியூர்ப் பிள்ளைக்குப் போன் போட்டு "உசுரோட இருக்கோம்" என்று சொன்னதுதான். அந்தக் குரல்களைக் கேட்டவனுக்கு, 2022 ஜனவரியில் ஒரு நாடு முழுக்கவே அப்படி வாயடைத்துப் போன செய்தி மனதைவிட்டு அகலவில்லை. எரிமலை வெடித்து, டோங்காவை உலகத்தோடு கட்டி வைத்திருந்த ஒரே ஒரு கடலடிக் கேபிள் அறுந்துபோனது. அந்தக் கேபிள் கிளம்புவது இந்தச் சுவாவிலிருந்துதான்.

காலையில் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி வாங்கினேன், 3 ஃபிஜி டாலர். ஒன்றே வயிற்றுக்குப் போதும். டாக்ஸிக்காரர் பெயரின் வாலில் ஒரு "கவுண்டன்" இருந்தது. தமிழில் அவருக்கு "வணக்கம்", "சாமி" தவிர எதுவும் தெரியாது. வீட்டில் ஃபிஜி இந்தி. 1903 முதல் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். பூட்டன் எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். "கடிதம் போட ஆளில்லை, படிக்கத் தெரிந்தவரும் இல்லை, அப்படியே அறுந்துவிட்டது" என்றார். அறுந்துவிட்டது என்ற பொருளில் அவர் கையால் காட்டிய சைகையை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபிஜிக்கு 2000-ஆம் ஆண்டிலேயே சதர்ன் கிராஸ் கேபிள் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் பெரிய பாதை. நடுவே சுவாவில் கரையேறுகிறது. பக்கத்து நாடான டோங்கா அதற்கப்புறம் 13 ஆண்டுகள் காத்திருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன் – நுகுஅலோஃபா

சுவாவுக்குப் பக்கத்திலுள்ள நௌசோரியிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. மேலேயிருந்து பார்த்தால், தலைநகர் நுகுஅலோஃபா இருக்கும் டோங்காடாப்பு தீவு தட்டையாகக் கிடக்கிறது. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை, தென்னையும் மரவள்ளித் தோட்டமும்தான். இறங்கியதும் குளிர் காற்று. ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று நாள் முழுக்க வீசுகிறது. நான் கொண்டுபோன ஒற்றை ஸ்வெட்டர் உடம்பைவிட்டு இறங்கவே இல்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இடுப்பில் ஓலைப் பாய் கட்டியிருந்தார். தஓவலா என்கிறார்கள். அலுவலகம், தேவாலயம், துக்கம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் மரியாதைக்கு அதுதான் உடை. என் பையைத் தூக்க அவராகவே கை கொடுத்தார். அதற்கு நன்றி சொன்னால் அவர்தான் கூச்சப்படுகிறார்.

சிம் வாங்கினேன். ஒரு பாஅங்கா நம் பணத்துக்கு 35 ரூபாய்க்குச் சற்று மேல். ஊருக்குள் வீடியோ கால் தெளிவாகப் போகிறது. தங்கும் வீட்டில் வைஃபையும் உண்டு. அறை வாடகை ஒரு ராத்திரிக்கு 95 பாஅங்கா, காலைச் சாப்பாடு சேர்த்து. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பிள்ளைகள் நால்வரில் மூவர் வெளிநாட்டில்: ஆக்லாந்தில் இருவர், சிட்னியில் ஒருவர். இது இங்கே விதிவிலக்கு இல்லை. டோங்காவில் இருப்பவர்கள் ஒரு லட்சம் பேர்தான். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று அதற்கும் மேலான டோங்காக்காரர்கள் வெளியே வாழ்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 40 விழுக்காடு. உலகத்திலேயே இந்த அளவுக்கு அனுப்பும் பணத்தை நம்பியிருக்கும் நாடுகள் மிகக் குறைவு.

மாலையில் தலமாஹு மார்க்கெட். சேம்பு, கருணை, மரவள்ளி, வள்ளி எல்லாம் கூடை கூடையாக. எடை கிடையாது, கூடைக்கு இவ்வளவு. பேரம் பேசுகிற வழக்கமும் இல்லை. தர்பூசணியையும் தேங்காயையும் சேர்த்து அடித்த ஓத்தாய் என்ற பானம் 5 பாஅங்கா. குளிரிலும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி – சோபு, கனோகுபோலு

நகரத்தின் மேற்கு ஓரத்தில் சோபு. தாழ்வான சதுப்பு நிலம். கேபிள் கரையேறும் நிலையம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தேதான் போனேன். வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். போகிறவர்கள் பன்றிக்குட்டிகளை விலக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

827 கிலோமீட்டர். சுவாவிலிருந்து இங்கே வரை கடலின் அடியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் பருமனில் ஒரு கயிறு. அதற்குள் முடியளவு கண்ணாடி இழைகள். 2013 ஆகஸ்டில் உயிர் பெற்றது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் மானியம் கொடுத்துப் போட்டார்கள். அதுவரை எல்லாமே செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குப் போய்த் திரும்ப, "ஹலோ" என்றால் பதில் வரவே அரை வினாடிக்கு மேல் ஆகும். விலையோ தங்க விலை. வீட்டுக்கார அம்மா சொன்னார்: "அப்போதெல்லாம் மகனோடு பேசும்போது ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிவிடுவோம். பாதி நேரம் மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும்."

தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு இங்கே ஒரு கணக்கு தெரியும். 827 கிலோமீட்டர் கேபிளை ஒரு லட்சம் பேர் பயன்படுத்தினாலும் ஒரு கோடிப் பேர் பயன்படுத்தினாலும் போடுகிற செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கோடிப் பேருக்கு அது லாபம். லட்சம் பேருக்கு எந்தக் கம்பெனியும் தானாகப் போடாது. சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-இல் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். அந்தமானில் நாலு லட்சம் பேர்தான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய நாட்டின் கஜானா இருந்தது. டோங்கா தானே ஒரு நாடு. பின்னால் நிற்க வேறு யாருமில்லை. மானியம் கொடுப்பவர் மனது வைத்தால்தான் உண்டு. ஒரு கேபிளுக்கே இந்தப் பாடு என்றால் இரண்டாவதுக்கு எங்கே போவது?

ஒரே கேபிள் என்றால் என்ன என்பதை 2019 ஜனவரி முதலில் காட்டியது. 20-ஆம் தேதி கேபிள் அறுந்தது. கப்பலின் நங்கூரம் இழுத்திருக்கலாம் என்ற சந்தேகம். ஏறக்குறைய இரண்டு வாரம். செயற்கைக்கோளில் கிடைத்த கொஞ்சத்தையும் அவசர வேலைகளுக்கு ஒதுக்க வேண்டியிருந்ததால் ஃபேஸ்புக் போன்றவற்றை அடைத்துவைத்தார்கள்.

மதியம் ஒரு காரைப் பகிர்ந்து மேற்கு முனைக்குப் போனேன். வழியில் கோலோவாயில் மரம் நிறையப் பழந்தின்னி வௌவால்கள். கனோகுபோலு கடற்கரையில் இறங்கினால் பேச்சு வரவில்லை. வீடும் விடுதியும் இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டும் மிச்சம். தளத்தின் வெடிப்புகளில் கொடி ஏறியிருந்தது. 2022 ஜனவரி 15, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹஅபை எரிமலை வெடித்தது. நுகுஅலோஃபாவுக்கு வடக்கே 65 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள். புகைத்தூண் 57 கிலோமீட்டர் உயரம் போனது. சத்தம் அலாஸ்கா வரை கேட்டது. ஓட்டிவந்த தம்பிக்கு அப்போது பதினேழு வயது. "பீரங்கி வெடிப்பதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் காது அடைத்துவிட்டது. அண்டை வீட்டு ஆச்சியை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு உள்பக்கம் ஓடினோம். வழி முழுக்கச் சாம்பல் மழை" என்றான். நாடு முழுக்க உயிரிழப்பு மிகச் சிலரோடு நின்றது. ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி – அத்தேலே

காலையில் வயிறு சரியில்லை. நேற்றைய பச்சை மீன், ஓத்தா இக்கா: எலுமிச்சையில் ஊறவைத்துத் தேங்காய்ப்பாலில் போட்டது. ருசி அருமை, இரண்டு கிண்ணம் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா எலுமிச்சை இலைக் கொதிநீர் கொடுத்தார். மதியத்துக்குள் சரியானது.

தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் டோங்கா வளாகம் அத்தேலேயில். இந்தப் பல்கலைக்கழகம் பன்னிரண்டு தீவு நாடுகளுக்குப் பொதுவானது, தலைமையிடம் சுவா. தீவு தீவாகச் சிதறிய மாணவர்களுக்குப் பாடம் நடத்தவென்றே செயற்கைக்கோள் வலைப்பின்னல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எரிமலை வெடித்த நாலைந்து நாளில், உலகத்திலிருந்து டோங்காவுக்கு ஓரளவு போன் தொடர்பு திரும்பியதே இந்தப் பல்கலைக்கழகத்தின் டிஷ்ஷால்தான். டிஜிசெல் நிறுவனம் அதைப் பயன்படுத்தி 2ஜி இணைப்பு கொடுத்தது. கொஞ்சப் பேருக்குத்தான் எட்டியது.

பிள்ளைகளின் பாடத்துக்காக நட்ட டிஷ் ஒரு நாட்டுக்கே வாயாக இருந்திருக்கிறது. அவசரத்துக்கென்று தனியாக வைத்த ஏற்பாடு இல்லை அது. தினமும் புழங்கியதால் உயிரோடு இருந்தது, அதனால் உதவியது. நம் ஊர்களில் அவசரகாலச் சாதனம் என்று வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அரண்மனையைப் பார்த்தேன். 1867-இல் கட்டிய வெள்ளை மரவீடு. ஏழு மணிக்கெல்லாம் கடைகளில் ஒரே நெரிசல். ஞாயிறு பெரும்பாலும் எதுவும் திறக்காது. 1875-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே ஓய்வுநாள் புனிதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டேன். தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – நுகுஅலோஃபா

விடியும் முன்பே பூமி அடுப்புப் புகை. உமு என்பார்கள். குழிக்குள் கல்லைப் பழுக்கச் சுட்டு, மேலே சேம்பு, வள்ளி, இலைப் பொட்டலங்கள் அடுக்கி, மண்ணும் சாக்கும் போட்டு மூடிவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது சாப்பாடு தயார்.

என்னையும் அழைத்துப் போனார்கள். பாட்டு ஆரம்பித்ததும் சுவர் அதிர்ந்தது. வாத்தியம் இல்லை, வெறும் குரல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நாலு சுருதியில். எனக்கு அவர்கள் மதமும் இல்லை, மொழியும் இல்லை. கண் கலங்கிவிட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் போனை உயர்த்திப் பிடித்தபடியே பாடினாள். முதலில் உறுத்தியது. அப்புறம்தான் தெரிந்தது, ஆக்லாந்தில் நர்ஸாக இருக்கும் அவள் அக்காவுக்கு இன்று பணி, கோயிலுக்குப் போக முடியவில்லை; பாட்டு அவளுக்காக.

சாப்பாட்டுக்கு லூ. சேம்பு இலையில் ஆட்டுக்கறியும் வெங்காயமும் தேங்காய்ப்பாலும் வைத்துப் பொதிந்து உமுவில் வெந்தது. இலை வெண்ணெயாய்க் கரைகிறது. விருந்தாளி முதலில் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். என் தட்டு காலியாகும் வரை குழந்தைகள்கூடக் கை வைக்கவில்லை. பாய் விரித்து உட்கார்ந்தபடியே ஆக்லாந்து மகனுக்கு வீடியோ கால் போனது. போன் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் வந்தது, என்னிடமும். "எங்க அம்மா உங்களுக்கு ஒழுங்கா சாப்பாடு போடறாங்களா?" என்று கேட்டான்.

2022-இல் அந்த மகன் பட்டதை அம்மா பிறகு சொன்னார். சனிக்கிழமை மாலை பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நியூசிலாந்து ராணுவ விமானம் 17-ஆம் தேதி மேலே பறந்து படமெடுத்தது. அந்தச் சாம்பல் நிறப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடியிருக்கிறார்கள் பிள்ளைகள். இங்கே அம்மாவுக்குக் கவலை வேறு. கையில் காசில்லை. தண்ணீர்த் தொட்டியில் சாம்பல். பிள்ளைகள் பணம் அனுப்பத் தயார், வாங்குகிற கவுண்டருக்கு நெட் இல்லை. பணம் வேண்டிய நாளில் பணம் வரும் வழியே அடைந்துவிட்டது. "அடுத்த வாரம் அவன் குரலைக் கேட்டேன். என்ன சொன்னேன் தெரியுமா? சாப்பிட்டாயா என்று கேட்டேன்" என்றார்.

எங்கள் அம்மாவும் கஜாவுக்குப் பிறகு தங்கையிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள் – கப்பலில்

வடக்கே ஹாபாய் தீவுக்கூட்டத்துக்குப் போகும் உள்நாட்டு விமானம் ரத்து. காலை ஆறு மணியிலிருந்து காத்திருந்து, பத்தரைக்குத்தான் சொன்னார்கள். டிக்கெட் பணம் திரும்ப வர வாரங்கள் ஆகுமாம். வேறு வழியில்லாமல் மாலைக் கப்பல். அதுவும் காற்றால் மூன்று மணி நேரம் தாமதம்.

மேல்தளத்தில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். பாய் இல்லாத என்னைப் பார்த்து ஒரு பாட்டி தன் பாயின் பாதியைத் தட்டிக் காட்டினார். நடுக்கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்தது. பாட்டி கொய்யா இலை ஒன்றைக் கசக்கி மூக்கருகே பிடித்தார். ஆட்டம் நிற்கவில்லை, குமட்டல் கொஞ்சம் நின்றது.

தூக்கம் வராமல் கிடந்தபோது நினைத்ததெல்லாம் எங்களுக்குக் கீழே கிடக்கும் கேபிளைத்தான். சர்வதேசக் கேபிளின் நீட்சியாக நுகுஅலோஃபாவிலிருந்து ஹாபாய்க்கும் அதற்கும் வடக்கே உள்ள வவாவுவுக்கும் 2018-இல் உள்நாட்டுக் கேபிள் போட்டார்கள். நாலாண்டுகூடத் தாங்கவில்லை. எரிமலை கக்கியது மேலே மட்டும் போகவில்லை. பாறையும் சாம்பலும் கலந்த வெள்ளம் கடலடியில் மணிக்கு 122 கிலோமீட்டர் வேகம் வரை பாய்ந்ததாகப் பின்னர் ஆய்வில் கண்டார்கள். முதலில் உள்நாட்டுக் கேபிள் போனது, அப்புறம் சர்வதேசக் கேபிள்.

கரையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது எங்கே மோதித் திரும்புகிறது என்று பார்த்தால் அறுந்த தூரம் தெரியும். நாங்கள் தினமும் ஓடிடிஆர் கருவியில் செய்வதுதான். சர்வதேசக் கேபிள் கரையிலிருந்து 37 கிலோமீட்டரில், உள்நாட்டுக் கேபிள் 47-இல் என்று காட்டியது. எங்களுக்கு 37 கிலோமீட்டர் என்றால் வண்டியில் ஒரு மணி நேரம். அவர்களுக்குப் பப்புவா நியூகினியின் போர்ட் மோர்ஸ்பியில் நின்ற ரிலையன்ஸ் என்ற பழுதுபார்க்கும் கப்பல் வரவேண்டியிருந்தது. வந்து, கொக்கி போட்டுக் கேபிள் நுனியைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. துண்டு துண்டாகி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பிப்ரவரி 22-இல் உயிர் வந்தது. ஐந்து வாரம்.

அது தலைநகருக்கு. நான் போய்க்கொண்டிருந்த தீவுகளின் கதை வேறு.

ஆகஸ்ட் 12, செவ்வாய் – பங்காய், ஹாபாய்

விடிகாலையில் இறங்கினோம். ஒரே தெரு, சைக்கிள்கள், நாய்கள், தேவாலயங்கள். காற்று நின்று வெயில் வந்திருந்தது. 1770-களில் இங்கே வந்த கேப்டன் குக், கிடைத்த உபசரிப்பில் இவற்றுக்கு "நேசத் தீவுகள்" என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். பாட்டியின் பேரன் என் பையைத் தூக்கிக்கொண்டு தங்கும் வீடு வரை நடந்தான். காசு கொடுத்தால் வாங்க மறுத்து ஓடிவிட்டான்.

அறுந்த உள்நாட்டுக் கேபிளுக்கு மாற்றாகப் போட நீளமான புதுக் கேபிள் கையிருப்பில் இல்லை. இருந்த உதிரி சர்வதேசக் கேபிளுக்கே சரியாகப் போய்விட்டது. புதிதாகத் தயாரித்து, கப்பல் பிடித்து, போட்டு முடிக்க 2023 ஜூலை ஆகிவிட்டது. பதினெட்டு மாதம். அதுவரை இந்தத் தீவுகள் செயற்கைக்கோளில் கிடைத்த சொற்பத்தைப் பங்குபோட்டுக்கொண்டன.

பதினெட்டு மாதம் என்றால் என்ன என்று பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் எனக்குச் சொன்னாள். அப்போது அவள் பள்ளியில் கடைசி வகுப்பு. வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்கம் திறக்க ஆரம்பிக்கும், பாதியில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்திருக்கும் என்று தந்தை அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துச் சிக்னல் உள்ள இடத்துக்குக் கூட்டிப் போவாராம். அந்த ஆண்டு கடைசித் தேதிக்குள் முடியவில்லை. அடுத்த ஆண்டு வீட்டில் வசதி இல்லை. "இப்போது நெட் வேகமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் இரண்டு கேக்கே எடுத்து வைத்தாள். கேக்கே என்பது நம் போண்டா உருண்டையில் இனிப்பு மாவு. நாலு 2 பாஅங்கா.

இணைய வேகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் எத்தனை எம்பிபிஎஸ் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் சம்பளம் வாங்குகிறேன். இந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவாகிவிட்டது: சின்ன நாட்டுக்கு முதலில் வேண்டியது இரண்டாவது வழி. வேகம் குறைந்த இரண்டு வழி, வேகமான ஒற்றை வழியைவிட மேல். ஒன்று அறுந்தால் மற்றொன்றில் ஒரு விண்ணப்பம் போகும், ஒரு பணம் வரும். கேபிள் திறப்பு விழாவில் நாடா வெட்டும் நாளோடு வேலை முடிந்தது என்று உதவி செய்கிற பெரிய நாடுகள் கைகழுவக் கூடாது. உதிரிக் கேபிளும் மாற்றுப் பாதையும் சேர்த்ததுதான் ஒரு கேபிள்.

இரவு காவா கூட்டத்தில் உட்காரவைத்தார்கள். வேரை இடித்துக் கரைத்த சேற்று நிறத் தண்ணீர். நாக்கு மரத்துப் போகும். பாடினார்கள், தூங்கி வழிந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன் – நெயாஃபு, வவாவு

மறுபடி கப்பல், இந்த முறை அமைதியான கடல். வழியில் திமிங்கிலம். ஜூலை முதல் அக்டோபர் வரை குட்டி போட அண்டார்க்டிகாப் பக்கமிருந்து வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இவை. கப்பலே ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல் எல்லோரும் ஓடினோம்.

நெயாஃபு துறைமுகம் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. படகோட்டிச் சுற்றும் வெள்ளைக்காரர்கள், காப்பிக் கடைகள், அதற்கேற்ற விலை: ஒரு காப்பி 8 பாஅங்கா. கூரைகளில் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்கின் வெள்ளை டிஷ்கள். 2024 ஜூன் 29 நிலநடுக்கத்தில் உள்நாட்டுக் கேபிள் மறுபடியும் அறுந்தது. சரியாகச் சுற்றுலாக் காலம் தொடங்கும் நேரம். உரிமம் இல்லை, நிறுத்து என்று ஸ்டார்லிங்கிடம் சொல்லியிருந்த அரசு, தற்காலிக அனுமதி கொடுத்தது. வவாவு அதில்தான் மூச்சு விட்டது. இங்கே அதைத் திட்டுகிறவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் மாதக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது என்றும், யாரோ ஒரு வெளிநாட்டு முதலாளி கையிலுள்ள ஒற்றை வழியும் ஒற்றை வழிதானே என்றும் காப்பிக் கடைக்காரர் சொன்னார். அவர் சொல்வது நியாயம்.

பசிபிக்கின் குறுக்கே 2018-இல் போட்ட ஹவாய்க்கி கேபிளிலிருந்து வவாவுவுக்கே ஒரு கிளை இழுக்கும் திட்டம் பற்றி ஊரெல்லாம் பேச்சு. வந்தால், தெற்கே சுவா வழி ஒன்று, வடக்கே வவாவு வழி ஒன்று.

மாலையில் தெருக் கம்பத்தில் ஏறி இறங்கிய ஒரு டெக்னீஷியனைப் பிடித்துக்கொண்டேன். நானும் இதே தொழில் என்றதும் ஏணியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மொழி பாதிதான் ஒத்துப்போனது. தொழில் பாஷை முழுக்க ஒத்துப்போனது. காற்றில் ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங் மிஷினை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஒட்டுவோம் என்றேன். "நாங்களும்தான்!" என்று தொடையில் தட்டினார். உப்புக் காற்றில் பெட்டிக்குள் ஈரம் இறங்காமல் இருக்க அவர்கள் போடும் சுற்றைக் காட்டினார். நான் வேதாரண்யம் பக்கம் செய்வதைவிட அது நல்ல முறை, படம் எடுத்துக்கொண்டேன். கிளைக் கேபிள் வரும் நாளில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"கரையில்தான். கப்பலிலிருந்து நுனியை இழுக்க ஆள் வேண்டுமே" என்றார். "இந்த ஊரில் இருக்கிற எல்லோரும் வருவார்கள். நீங்களும் வாருங்கள், உமு போடுவோம்."

எண்ணை வாங்கிக்கொண்டேன். தேதி தெரிந்ததும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.